பெரட்டில் விடுபட்ட பெயர்

தோட்டத்து மக்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் வரிசையில் நின்ற காலத்தை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். செக்ரோலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக அழைப்பார்கள். பெயர் விடுபட்டால் அன்றைய கூலி போயிற்று!

இன்று நம் பிள்ளைகள் கணினியில் எழுதிப் பழகும் நிரலிலும் ஒரு பெரட்டு உண்டு. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் என்ற கணினி மொழியை எடுத்துக்கொள்வோம். அதில் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி, 'ஃபார்' என்ற கட்டளையைக் கொடுத்தால், அது முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒவ்வொன்றாக எடுத்து, நாம் சொன்ன வேலையைச் செய்யும்.

என் பழைய மாணவி ஒருத்தி இப்போது இரண்டாம் படிவத்தில் படிக்கிறாள். எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியன்று சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க, 12 பிள்ளைகளின் பெயர்களை நிரலில் எழுதிக் கொண்டுவந்தாள். ஓட்டிப் பார்த்தால் 11 பெயர்களே வந்தன.

"சார், கணினி தப்பா எண்ணுது" என்றாள்.

கணினி தப்பாக எண்ணவில்லை. ஒவ்வொரு பெயரையும் மேற்கோள் குறிக்குள் இட்டு, பெயருக்குப் பெயர் காற்புள்ளி வைக்க வேண்டும். 'முத்து'வுக்குப் பின் அவள் காற்புள்ளியை மறந்துவிட்டாள். இப்படி அடுத்தடுத்து நிற்கும் இரு சொற்களைப் பைத்தான் சத்தமில்லாமல் ஒட்டிவிடும். முத்துவும் வேலுவும் சேர்ந்து 'முத்துவேலு' ஆகிவிட்டார்கள்! அப்படியும் ஒரு பெயர் இருக்கிறதே, யார் கண்ணில் படும்? ஒரு பிள்ளை பசியோடு நின்றிருக்கும்.

இரண்டாவது தவறு, பட்டியலில் ஒரே பெயர் இருக்கும்போது வருவது. பட்டியலைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். ஒரு பெயர்தானே என்று அடைப்பை விட்டுவிட்டால், கணினி அந்தப் பெயரையே துண்டு துண்டாக்கி அழைக்கும். நம் கண்ணுக்கு 'முத்து' மூன்று எழுத்து. கணினியோ உகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாகப் பிரித்து ஆறு துண்டாக்கும். ஒரு பெயரானாலும் சதுர அடைப்பு வேண்டும்.

மூன்றாவது தவறு கொஞ்சம் நுட்பமானது. பொட்டலம் வாங்கியவர் பெயரை, அழைத்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலிலிருந்து நீக்குவது. வரிசையில் இரண்டாம் ஆள் விலகினால் மூன்றாம் ஆள் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார். கணினியோ ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்துப் போகும். அடுத்து மூன்றாம் இடத்துக்குத் தாவும். நகர்ந்து வந்தவர் விடுபட்டுப் போவார். அவரும் பொட்டலம் வாங்கியவரானால், அவர் பெயர் நீங்காமல் நின்றுவிடும்! ஆகவே பழைய பட்டியலில் கை வைக்காமல், இன்னும் வாங்காதவர் பெயர்களை வேறொரு புதிய பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இந்த மூன்று தவறுகளில் எதைச் செய்தாலும் கணினி 'பிழை' என்று சொல்லாது. அதுதான் ஆபத்து. தொடங்குமுன் பெயர்களைக் கையால் எண்ணிக்கொள்ள வேண்டும். 'லென்' என்ற கட்டளை பட்டியலில் எத்தனை இருக்கிறதென்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை நிரல் எழுதும்போது அருகில் உட்கார்ந்து, "எத்தனை பேரை எழுதினாய்? எத்தனை பேர் வந்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பெயர் விடுபட்டால் வயிறு காயும் என்பதை அறிந்தவர்கள் நாம். அந்தக் கவனத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.

அன்று முத்துவும் வேலுவும் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிச் சென்றார்கள்.