விளையாட்டுப் பொருள்களும் குழந்தையின் மொழிச் சூழலும்

1. முன்னுரை

குழந்தை மொழி பெறும் முறையை ஆராய்வோர் தாயின் பேச்சுக்கும் தாலாட்டுக்கும் கதைக்கும் தரும் இடத்தை விளையாட்டுப் பொருள்களுக்கு மிகுதியாகத் தருவதில்லை. குழந்தையின் முன் எப்பொருளை, எத்தனை பொருளை, எப்போது வைப்பது என்பது வீட்டு ஒழுங்கு பற்றிய சிறு செய்தியாகவே கருதப்படுகிறது. ஆயினும் குழந்தை கேட்கும் சொற்களின் அளவும் தன்மையும் இத்தேர்வினால் மாறுகின்றன. விளையாட்டுப் பொருளின் மொழிப்பயன் அப்பொருளினுள் அமைந்ததன்று. அதனை நடுவே வைத்து எழும் உரையாடலில் அமைந்தது. இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயர் வழக்கு

தமிழில் விளையாட்டுப் பொருள் அனைத்தையும் 'பொம்மை' என வழங்குதல் இன்று பெருவழக்காக உள்ளது. இச்சொல் உருவத்தைக் குறிப்பது. பந்து, கிலுகிலுப்பை, நடைவண்டி முதலியன உருவங்கள் அல்ல. இந்தியில் 'கிலௌனா', 'குடியா' எனவும், கன்னடத்தில் 'ஆட்டிகெ', 'கொம்பெ' எனவும், மலையாளத்தில் 'களிப்பாட்டம்', 'பாவ' எனவும் பொதுச்சொல்லும் உருவத்தைக் குறிக்கும் சொல்லும் வேறுபட்டு நிற்கின்றன. இப்பொதுச்சொற்கள் மூன்றும் விளையாடுதலைக் குறிக்கும் அடிகளிலிருந்து பிறந்தவை.

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாதது. பெற்றோருக்கான கையேட்டில் பொதுச்சொல் வருமிடமெல்லாம் 'பொம்மை' என எழுதின், படிப்போர் கடைப்பொருளையே எண்ணுவர். மூடியுள்ள டப்பா, மரக்கரண்டி, கிண்ணம் ஆகியவை அவர்தம் எண்ணத்தில் இடம்பெறா. 'விளையாட்டுப் பொருள்' என்னும் தொடர் நீளமாயினும் பொருத்தமானது.

3. எண்ணிக்கையும் சுழற்சியும்

அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 36 குழந்தைகள் ஒருமுறை 4 பொருள்களுடனும் மறுமுறை 16 பொருள்களுடனும் விளையாட விடப்பட்டனர். பொருள்கள் குறைவாக இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றுடனும் நெடுநேரம் விளையாடினர். ஒரே பொருளைப் பலவாறு பயன்படுத்தினர். இவ்வாய்வு பேச்சை அளக்கவில்லை. எனினும் டொமசெல்லோ, ஃபரார் ஆகியோர் 1986இல் காட்டிய உண்மையுடன் இதனை இணைத்து நோக்கலாம். குழந்தை எப்பொருளைக் கவனிக்கிறதோ அதனைப் பற்றியே தாய் பேசும்போது சொற்பேறு வளர்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கவனம் பொருளுக்குப் பொருள் தாவுமாயின் தாயின் சொல் அதனைப் பின்தொடர இயலாது.

இங்குதான் சுழற்சி முறை பயன் தருகிறது. உள்ள பொருள்களை மூன்று நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்தல் இதன் அடிப்படை. ஒவ்வொரு தொகுதியிலும் அடுக்குவது, உருட்டுவது, ஒலிப்பது, பாவனைக்கு உதவுவது, படப்புத்தகம் என வகைக்கு ஒன்று இருத்தல் நலம். மாற்றுவதற்கு நாள் கணக்கைவிடக் குழந்தையின் ஆர்வமே அளவுகோல். உறங்கும்போதும் உடன் வைத்துக்கொள்ளும் பொருளைச் சுழற்சியில் சேர்த்தல் கூடாது.

எடுத்து வைத்த பொருள் மீண்டும் வரும்போது குழந்தையும் வளர்ந்திருக்கும். பத்தாம் மாதத்தில் தரையில் தட்டப்பட்ட கிண்ணம், ஒன்றரை வயதில் இல்லாத பாலை ஊற்றும் பாத்திரமாகிறது. முன்பு 'கிண்ணம்' எனப் பெயர் மட்டும் கூறிய தாய், இப்போது 'ஊற்று', 'கொட்டாதே', 'அப்பாவுக்கும் கொடு' என வினைகளையும் வேற்றுமை உருபுகளையும் வழங்குகிறாள். பொருள் ஒன்றே, அதனைச் சூழ்ந்த இலக்கணம் விரிகிறது.

4. ஒலிக்கும் பொருளும் பேசும் பொருளும்

இசை சார்ந்த பொருள்கள் இருவகைப்படும். கிலுகிலுப்பை, சிறுபறை, ஊதுகுழல் ஆகியவற்றில் ஒலி குழந்தையின் செயலால் பிறக்கிறது. செயல் நின்றால் ஒலியும் நிற்கிறது. அந்த இடைவெளியில் பெரியவர் பேசுகிறார், குழந்தை மறுமொழியாக ஒலி எழுப்புகிறது. மின்கலத்தால் இயங்குவனவற்றிலோ விசையை அழுத்தியதும் பாட்டு தானாகவே ஓடுகிறது.

2016இல் ஆனா சோசா வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டை எண்களால் காட்டுகிறது. 10 முதல் 16 மாதம் வரையிலான 26 குழந்தைகள் தம் பெற்றோருடன் வீட்டிலேயே விளையாடியபோது பேச்சு பதிவு செய்யப்பட்டது. மின்னணுப் பொருள்களுடன் விளையாடுகையில் பெற்றோர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 சொற்களும், மரக்கட்டை முதலிய மரபுப் பொருள்களுடன் 56 சொற்களும், புத்தகங்களுடன் 67 சொற்களும் பேசினர். பொருள் பேசியபோது பெற்றோரின் பேச்சு குறைந்தது. ஆங்கிலம் பேசும் சிறு குழுவில் பெற்ற இவ்வெண்களை, பாட்டியும் அத்தையும் உடனிருக்கும் இந்தியக் குடும்பத்திற்கு அப்படியே பொருத்துதல் கூடாது. ஆனால் இங்கு மற்றொரு கவலையும் உண்டு. பேசும் பொருள்கள் பல ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசுகின்றன. அவ்விடங்களில் குறைவது சொற்களின் எண்ணிக்கை மட்டுமன்று; வீட்டு மொழியின் பங்குமாகும்.

இதனால் இசையே தடை எனக் கொள்ளுதல் பிழை. ஜாவோ, கூல் ஆகியோரின் 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் பெற்றோருடன் 12 அமர்வுகளில் தாளத்திற்கேற்பத் தட்டி விளையாடினர். இசையின்றி விளையாடிய குழந்தைகளைவிட இவர்களின் மூளை, இசையில் மட்டுமன்றிப் பேச்சிலும் காலஒழுங்கு மாறுவதை நன்கு உணர்ந்தது. இங்கு இசை பெற்றோரின் மடியில் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. பிள்ளைத்தமிழ் மரபு சிறுபறை முழக்குதலை ஆண்பாற் பருவங்களுள் ஒன்றாக வைத்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

இப்பொருள்களின் பெயர்களும் ஆய்வுக்குரியன. தமிழில் கிலுகிலுப்பை, மலையாளத்தில் கிலுக்கு, இந்தியில் ஜுன்ஜுனா என இவை ஒலிக்குறிப்பால் அமைந்தவை. இவற்றுள் முதலும் இறுதியும் அசை இரட்டித்தவை. முதலாண்டின் பிற்பகுதியில் குழந்தை அசைகளை இரட்டித்து மழலும் முறையோடு ஒத்தவை.

5. முடிவுரை

மூன்று முதல் எட்டு வயதினர்க்காக 2023இல் நடுவண் அரசு வெளியிட்ட 'ஜாதுயி பிட்டாரா' என்னும் விளையாட்டுத் தொகுப்பு 13 இந்திய மொழிகளுக்கென அமைந்தது. இத்தகைய தொகுப்புகளைப் பெயர்ப்போர் பொருளின் பெயரோடு நின்றுவிடாமல், பெரியவர் பேச வேண்டிய பேச்சையும் பெயர்த்தல் வேண்டும். 'இது என்ன?' என்னும் வினா ஒரு பெயரையே வேண்டுகிறது. 'குலுக்கு', 'உருட்டு', 'இப்போது நீ ஊது' என்பன வீட்டுத் தமிழின் இயல்பு. குழந்தைக்குச் செயலும் முறைமாற்றமும் கற்பிப்பன. சில பொருள்கள், அவற்றை மாற்றி வைக்கும் ஒழுங்கு, அருகே அமர்ந்து பேசும் ஒருவர் ஆகிய மூன்றும் அமையின் வீடே முதல் மொழிப்பள்ளி எனலாம்.