இலவசமாகக் கொடுத்துவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி?

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, நிதானமாகவே பேசுவோம். நிரலை எழுதி, மூலநிரலையும் ஊருக்கே கொடுத்துவிட்டால் எழுதியவர் எப்படிப் பிழைப்பார்? கணினி படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றவர்கள் இன்னும் கவலையோடு கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ஒன்று. இப்படி மூலநிரலோடு தரும் கட்டற்ற மென்பொருளுக்குக் காசு வாங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மென்பொருள்கள் பலவற்றுக்குப் பொருந்தும் ஜிபிஎல் உரிமமே விலை வைக்கவும், கட்டணம் வாங்கிக்கொண்டு உதவவும் இடம் தருகிறது. அந்த உரிமத்தைக் கொண்டுவந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984இல் எம்ஐடி வேலையை விட்டவர். மறு ஆண்டு, தான் எழுதிய ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். இணைய வசதி உள்ளவர்கள் காசில்லாமல் இறக்கிக்கொண்டார்கள். இல்லாதவர்கள் பணம் அனுப்பி நாடா வாங்கினார்கள்.

நாடாவின் காலம் போய்விட்டது. இன்று விற்பது எது? அந்த நிரலைத் தெரிந்தவரின் நேரமும் பொறுப்பும்.

எஸ்க்யூலைட்டைப் பாருங்கள். உங்கள் கைப்பேசியில் எத்தனையோ செயலிகள் தங்கள் தகவலைச் சேமித்து வைப்பது இந்தச் சிறிய தரவுத்தளத்தில்தான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது, 2000இல் ரிச்சர்ட் ஹிப் இதை எழுதத் தொடங்கினார். பொதுச்சொத்தாகவே விட்டுவிட்டார், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அவரும் அவருடைய சிறு குழுவும் முழுநேரமும் இதிலேயே இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி, சிக்கல் வந்தால் இவர்களையே நேரடியாகக் கேட்கும் வசதியைப் பெறுகின்றன. நிரல் இலவசம், ஆனால் அதைச் சல்லடை போட்டுச் சோதிக்கும் டிஎச்3 என்ற சோதனைத் தொகுப்பு இலவசமில்லை. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: பொதுச்சொத்து என்றால் ஏற்காத வழக்கறிஞர்கள் உண்டு, கையில் ஒரு தாள் வேண்டும் என்பார்கள். அவர்களுக்காகவே காசுக்கு ஓர் உரிமப் பத்திரம் வைத்திருக்கிறார்கள்!

இதே வழியில் பெரிதாக வளர்ந்தவர்களும் உண்டு. ஜிசிசி என்ற கட்டற்ற நிரல்பெயர்ப்பியைப் புதுப்புதுச் சிப்புகளில் ஓடவைத்துக் கொடுத்தே சிக்னஸ் நிறுவனம் 1989 முதல் சம்பாதித்தது. அதை லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் வாங்கியது. ரெட் ஹாட்டை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

நன்கொடையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். உலகின் எத்தனையோ வலைத்தளங்களுக்குப் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. 2014இல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்து உலகம் பதறிய பிறகுதான், பெரிய நிறுவனங்கள் சேர்ந்து அதற்கு நிதி ஒதுக்கின.

இதில் சம்பாதிப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது மாதச் சம்பளம்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு வரும் மாற்றங்களில் பெரும்பகுதி நிறுவன ஊழியர்கள் எழுதுவது. அங்கே நீங்கள் எழுதிய திருத்தம் உங்கள் பெயரோடு எல்லோர் கண்ணிலும் படும். வேலை கொடுப்பவர் கண்ணிலும் படும்.

பெயர் வாங்கும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கும் வழியுண்டு. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் எழுதும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மேலாண்மை மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் இலவசம். ஆனால் ஒரு தொழிற்கூடத்தின் பழைய கணக்கை அதில் ஏற்ற, ஜிஎஸ்டி பில் சரியாக வருகிறதா என்று பார்க்க, ஸ்டோரில் இருப்பவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் கூலி கேட்கத் தயங்கவே வேண்டாம்.

அலுவலகத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சர்வரில் ஓடும் கட்டற்ற மென்பொருள்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில், அவற்றில் ஒன்றுக்காவது பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள்.