துடைப்பம் பிடித்த கைக்கும் மருத்துவ உரிமை உண்டு

பட்டுக்குப் பேர்போன ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழக ஊழியர் என்றாலே பேராசிரியர்தான் நம் நினைவுக்கு வருகிறார். எந்தப் பல்கலைக்கழகமானாலும் வகுப்பறையைக் கூட்டுவோரும் கழிப்பறையைக் கழுவுவோரும் ஊழியர்களே. அந்த வேலை பெரும்பாலும் நம் சேரிப் பெண்களின் தலையில்தான் விழுகிறது.

அரசு ஓய்வூதியர்களுக்காக 2022 ஜூலையில் ஒரு மருத்துவக் காப்பீடு தொடங்கியது. மாதம் 497 ரூபாய் பிடித்தம். 4 ஆண்டுகளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குறிப்பிட்ட நோய்களுக்கு 10 லட்சம். ஓய்வூதியம் இருந்தால்தான் அதில் இடம். ஒப்பந்தத்தில் துடைப்பம் பிடித்தவருக்கு ஓய்வூதியமும் இல்லை, அந்தக் காப்பீடும் இல்லை.

ஆனால் இஎஸ்ஐ இருக்கிறது. 10 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்த நிறுவனம், மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுவோரை அதில் சேர்க்க வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். குறைந்தது 5 ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து வயது முதிர்வில் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் சிகிச்சை தொடரும்.

இஎஸ்ஐ இல்லாத குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்.

பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று வேலையில் இருக்கும்போதே கேட்போம். ஒப்பந்ததாரர் மாறினாலும் இஎஸ்ஐ எண் மாறாது; அதை எழுதி வைப்போம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அம்மாவின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துச் சொல்லுங்கள். நிரந்தரப் பணிக்கான போராட்டம் தொடரட்டும். அதுவரை கையில் இருக்கும் உரிமையை நழுவ விடக் கூடாது.