பறவைப் பெயரும் ஆட்பெயரும்

தில்லிவாழ் தமிழ்ப் பெற்றோர் குழந்தைக்குப் பறவைப் பெயரிட முற்படின் அயல்மொழிச் சூழலையும் கருதவேண்டியுள்ளது. 'கிளி'யின் ளகரம் பொது இந்தியில் இன்மையால் லகரமாகிவிடும். 'குயிலி'க்கு அவ்விடர் இல்லை. ஆயினும் ஒலித்தடையினும் பொருள்தடையே பெரிது. ஆந்தையைக் குறிக்கும் 'உல்லூ' இந்தியில் மூடனைச் சுட்டும் வசைச்சொல். வடமொழியிலோ 'உலூகர்' என்பது வைசேடிக ஆசிரியர் கணாதரின் மறுபெயர். 'கௌசிகன்' என்பதற்கும் ஆந்தை என்னும் பொருளுண்டு. இழிவு பறவையில் இல்லை, வழக்கில்தான் உள்ளது.

தமிழில் சிக்கல் வேறு. புதுதில்லி சாகித்திய அகாதெமி 1969இல் பரிசளித்த பாரதிதாசனின் நாடகம் 'பிசிராந்தையார்'. சங்கப் புலவராகிய இவர் பெயரைப் பறவைப் பெயராகவே கொள்ளத் தோன்றும். ஆனால் ஆதன் என்பது தந்தை என்னும் முறைப்பெயரோடு புணருங்கால் 'ஆந்தை' என்றாகும் என்பது தொல்காப்பிய விதி (பூதன் 'பூந்தை' ஆவதும் அவ்வாறே). எனவே பிசிர் என்னும் ஊரினர், ஆதனுக்குத் தந்தை என்று பொருள்கொள்வதே இலக்கணத்திற்கு இயைந்தது. இன்று தந்தை பெயர் குழந்தைக்கு முதலெழுத்தாகிறது; இங்கோ மகன் பெயரால் தந்தை அறியப்படுகிறார். மொழிபெயர்ப்பாளர் இப்பெயரை எழுத்துப்பெயர்ப்பாகத் தந்து, அடிக்குறிப்பில் இப்புணர்ச்சியைச் சுட்டுதல் தகும்.