தறியிலும் தோட்டத்திலும் உழைப்போர்க்குத் தொக்கணம்

மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துச் சங்கங்களின் உற்பத்திப் பதிவேட்டைப் புரட்டும்போது, ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே வாரந்தவறாமல் ஏறிவந்த கணக்கு திடீரென்று இரண்டு வாரம், மூன்று வாரம் வெறுமையாகக் கிடப்பதைக் காண்கிறோம். நூல் கிடைக்கவில்லையா, பாவு தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தால், பெரும்பாலும் காரணம் அவை அல்ல. "இடுப்புப் பிடிச்சுக்கிட்டது சார், தைலம் போட்டு உருவி விட்டுக்கிட்டு இருக்கோம்" என்பதே விடை. கரும்பு வெட்டப் போனவரும், நாற்று நடப் போனவரும், தென்னை ஏறுபவரும் இதே விடையைத்தான் கூறுகிறார்கள். மாதச் சம்பளக்காரர் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். நெய்த அளவுக்குக் கூலி பெறுபவருக்கோ வலியோடு படுத்த நாள் வருமானமற்ற நாளாகும். ஆகவே உடம்பைப் பிடித்துவிடுதல் என்பது நமக்கு ஓய்வுக்காரரின் உல்லாசம் அன்று. தொழிலைச் சேர்ந்த விஷயம். அதன் வகைகளையும், அவற்றால் உண்மையில் விளையும் பயனையும், கை வைக்கவே கூடாத நிலைகளையும் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம் என்று கருதுகிறோம்.

சித்த வைத்திய நூல்கள் புற மருந்துகளை முப்பத்திரண்டாக வகுத்துள்ளன. கட்டு, பற்று, ஒற்றடம், வேது என்று செல்லும் அவ்வரிசையில் தொக்கணமும் ஒன்று. (சிற்றூர்களில் குழந்தைகளுக்குத் 'தொக்கம் எடுப்பது' என்றொரு வழக்கம் உண்டு. அது வேறு, இது வேறு. பெயர் ஒலியைக் கொண்டு இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தொக்கணம் வெறுங்கையாலும் செய்யப்படும், தைலமிட்டும் செய்யப்படும். வாத நோய்களுக்கு இதனைச் சிறப்பாகக் கூறுவர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்பன இதன் ஒன்பது வகைகள். பெயர்களைக் கேட்ட மாத்திரத்திலேயே, இவற்றில் பாதியை நம் வீட்டுப் பாட்டிமார் பெயர் தெரியாமலே செய்து வந்தனர் என்பது விளங்கும். நம் கருத்தில், பிடித்தலும், மெல்ல அழுத்தலும், தட்டலும் வீட்டில் ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளத் தக்கவை. முறுக்கலும் இழுத்தலும் அப்படிப்பட்டவையல்ல. கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பதைப் பலர் சுகமென்று எண்ணுகிறார்கள். கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயின் உட்சுவர் அதனால் கிழிந்து, பக்கவாதம் வரை சென்ற நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. முடி திருத்தும் நாற்காலியிலும் இதற்கு இணங்க வேண்டாம்.

குமரி மாவட்டத்து ஆசான்கள் போற்றிவரும் வர்மக் கலையும் கையாலே செய்யும் சிகிச்சைதான். எனினும் அது தனித்துறை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 இடங்களை அக்கலை கணக்கிடுகிறது. ஆசானிடம் பல்லாண்டு பயின்றவர் கைக்கு உரியது அது. திருவிழாக் கடையில் வாங்கிய படப் புத்தகத்தைப் பார்த்துச் செய்யத் தக்கதன்று. மலைக்கு அப்பால் கேரளத்தில் பிழிச்சில், நவரக்கிழி முதலிய முறைகள் வழங்குகின்றன. 1902-ஆம் ஆண்டில் பி. எஸ். வாரியர் நிறுவிய கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலை இவற்றுக்குப் பெயர் பெற்ற இடம். பிழிச்சிலில் வெதுவெதுப்பான தைலத்தைத் துணியில் நனைத்து உடம்பின்மேல் பிழிந்தவாறே தேய்த்துவிடுவர். நவரக்கிழிக்கு நவர அரிசியைப் பாலும் குறுந்தோட்டிக் கஷாயமும் சேர்த்துச் சமைத்து, துணியில் முடிந்து ஒற்றுவர். பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்க்கு ஒரு துணைச் செய்தி: நவரை என்பது ஏறக்குறைய அறுபது நாள் வயதுடைய நெல், விளைச்சல் குறைவு, மருந்துக்கென்றே தேடி வாங்குவோர் உண்டு.

எண்ணெய் தேய்த்தலுக்கு நம் ஊர்ப் பக்கத்தில் உள்ள மதிப்பைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி நீராட்டு உற்சவத்தின்போது, பல மூலிகைகளைச் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தால் ஆண்டாளுக்கு எண்ணெய்க் காப்பு நடைபெறுவதை அறியாதார் யார்? நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்குத் தவறாதிருத்தலைத் தேரையர் நோயணுகா விதிகளுள் ஒன்றாகக் கூறினார். இப்போது அது தீபாவளிக்குத் தீபாவளி என்று சுருங்கிவிட்டது. நல்லெண்ணெய் தோலின் ஈரத்தைக் காக்கும்; தேய்க்கும் கை உராயாமல் வழுக்கிச் செல்ல உதவும். தேய்ப்பும், வெந்நீரும், அன்றைய ஓய்வும் சேர்ந்தே அச்சுகத்தைத் தருகின்றன. எண்ணெய் எலும்புக்குள் இறங்கித் தேய்மானத்தை நிரப்பிவிடும் என்று சிலர் விற்பனை மேடையில் முழங்குவதை நம்ப வேண்டியதில்லை.

மேல்நாட்டு முறைகளுள் பெரிதும் பேசப்படுவது ஸ்வீடன் முறை. ஸ்டாக்ஹோமில் 1813-ல் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கின் பெயரை அதனோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆயினும் தடவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் என்று அதன் செய்கைகளை வகைப்படுத்திப் பரப்பியவர் யோகான் கியார்க் மெட்ஸ்கர் (1838–1909) என்னும் ஹாலந்து தேச வைத்தியரே ஆவார். நம் ஒன்பதோடு இவற்றை ஒப்பிட்டால் கையின் வேலை எத்தேசத்திலும் ஏறக்குறைய ஒன்றே என்பது புலனாகும். இங்கிலாந்தில் 1894-ல் நான்கு தாதியர் கூடி, பயிற்சி பெற்ற பெண்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். போலிகள் மலிந்து தொழிலின் பெயர் கெட்டிருந்த காலம் அது. ஒழுங்கு விதித்து, தேர்வு வைத்து, தகுதி பெற்றோரையே சேர்த்துக்கொண்ட அச்சங்கந்தான் வளர்ந்து இன்று அந்நாட்டின் இயன்முறை மருத்துவர் சங்கமாக விளங்குகிறது. சங்கம் அமைத்தால் ஒரு தொழிலின் மானம் எவ்வாறு நிமிரும் என்பதற்கு நம் இயக்கத்தாருக்கு இது இனிய சான்று. தாய்லாந்தின் 'நுவாத்' முறையோ, 2019-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. அதில் எண்ணெய் இன்றி, பாயில் கிடத்தி, அழுத்தியும் நீட்டியும் செய்வர்.

இத்தனை வகைகளில் நம் இடுப்பு வலிக்கு எது நல்லது என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 401 பேரிடம் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியினருக்கு உடம்பு முழுவதும் இதமாகத் தேய்த்துவிடப்பட்டது. ஒரு பகுதியினருக்கு வலிக்குக் காரணமான தசைகளை ஆராய்ந்து குறிப்பிட்ட இடங்களில் சிகிச்சை செய்யப்பட்டது. எஞ்சியோர் வழக்கமான வைத்தியத்தில் இருந்தனர். வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம் சென்றபின் பார்த்தால், கைச்சிகிச்சை பெற்ற இரு பகுதியினரும் மற்றவரைவிட நன்றாக நடமாடினர். ஆனால் அவ்விரு முறைகளுக்குள் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. பயன் ஆறு மாதம்வரை நின்று, ஓராண்டில் பெரும்பாலும் மங்கிவிட்டது. 2015-ல் 25 சோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தவர்களும், குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, அதற்குமேல் உறுதி கூறச் சான்று போதாது என்றே முடிவு செய்தனர். ஆகவே முறையின் பெயருக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பொறுமையுள்ள கையும், பத்து வாரம் விடாத ஒழுங்குமே வேண்டுவன. வலி தணிந்து, தசை இளகி, நல்ல உறக்கம் வரும். அது சிறிய பயன் அன்று. உறங்கி எழுந்தவன் மறுநாள் தறியில் உட்காருவான்.

ஆனால் உட்காரும் முறை மாறாவிடில் வலி திரும்பவும் வந்து சேரும். குழித்தறியில் இருப்பவர் கால்களைக் குழியில் தொங்கவிட்டு, முன்னே குனிந்து, நாள் முழுவதும் மிதித்துக்கொண்டே இருக்கிறார். பலகை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே எழும்பி, முதுகு வில்லாக வளையும். பலகையை உயர்த்துவதற்கு ஒரு மரத்துண்டும், மேலே மடித்த சாக்கும் போதும். முழங்கால் இடுப்பின் மட்டத்திலோ சற்றுக் கீழாகவோ இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னோக்கி வளைந்து, நாலெட்டு நடந்துவிட்டு வரலாம். தார் சுற்றும் பெண்களுக்குத் தோளும் மணிக்கட்டும் பிடித்துக்கொள்ளும். அவர்களும் பக்கம் மாறி உட்காருதல் நன்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிபவர்கள் வரப்பில் ஏறும்போதெல்லாம் முதுகை நிமிர்த்தி நிற்கட்டும்.

வீட்டில் செய்வதற்கு உரிய முறை எளியது. வலிக்கும் இடத்தை உடனே அழுத்தாமல், சுற்றுப்புறத்திலிருந்து உள்ளங்கையால் மெல்லத் தடவித் தொடங்குக. தசை இளகிய பிறகு கட்டைவிரலால் வட்டமாகப் பிசையலாம். முதுகெலும்பின்மேல் நேரே அழுத்தாமல் அதன் இரு பக்கத்துச் சதையில் மட்டுமே செய்க. கை கால்களில் நுனியிலிருந்து நெஞ்சை நோக்கித் தடவுக. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். படுத்திருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தால் அழுத்தம் மிகுதி என்று பொருள். வலிக்க வலிக்கத் தேய்த்தால்தான் நோய் போகும் என்ற எண்ணம் தவறு. பிறகு தவிட்டையோ நொச்சி இலையையோ வறுத்து, துணியில் முடிந்து, முதலில் தம் முன்கையில் வைத்துச் சூடு பார்த்தபின் ஒற்றலாம். புதிதாக ஏற்பட்ட சுளுக்குக்கு முதல் இரண்டு நாள் தேய்ப்பும் சூடும் ஆகாது. குளிர்ந்த ஒற்றடமும் ஓய்வுமே உரியவை. வீக்கத்துக்குக் கட்டுப் போட, நம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியே போதும். விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்துக.

இனி, நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் பகுதிக்கு வருகிறோம். நெஞ்சில் இறுக்கமும், இடது தோளிலோ தாடையிலோ வலியும், வியர்வையும் வந்தால் அதை 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி நீவிவிட்டுக்கொண்டு நேரத்தைப் போக்குகிறார்கள். மாரடைப்பில் அந்த ஒரு மணி நேரமே உயிரின் விலை. தைலப் புட்டியைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். அடுத்தது கெண்டைக்கால். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால், உள் நரம்பில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். நெடுநேரம் உட்கார்ந்திருப்பவர்க்கும், நோயிலோ அறுவையிலோ படுத்தெழுந்தவர்க்கும் இது நேரிடும். அதை உருவிவிட்டால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். வேறு எந்த வீக்கத்தை உருவினாலும் இதை உருவாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். புடைத்துச் சுருண்ட நரம்புகளின்மேலும் அழுத்தல் ஆகாது.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்க்குச் சூட்டின் அளவு தெரியாது. கொதிக்கும் தைலமும் சுடும் கிழியும் அவர்களுக்குப் புண்ணை உண்டாக்கும். காய்ச்சல், தோற்புண், கர்ப்பிணியின் வயிறு, மரத்திலிருந்து விழுந்தவரின் முதுகு ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். விழுந்தவரைக் கூடியவரை அசைக்காமல் பலகையில் கிடத்திக் கொண்டுசெல்ல வேண்டும். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே பார்த்த பின்பே கட்டு. இடுப்பு வலியோடு கால் மரத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, இரவில் விடாத வலி, உடல் இளைத்தல் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் அது தொக்கணத்துக்கு உரிய நோயன்று; முதுகெலும்புக் காச நோயும் இவ்விதம் வரக்கூடும்.

குழந்தைகளுக்கு மென்மையாக எண்ணெய் தடவுதல் நல்லதே. குறைமாதக் குழந்தைகளைப் பத்து நாள், தினம் மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து நிமிடம் மெல்லத் தடவியும் கை கால்களை மடக்கி நீட்டியும் வந்தபோது, அவை மற்றவற்றைவிட 47 சதவீதம் மிகுதியாக எடை கூடியதாக 1986-ல் அமெரிக்க மருத்துவமனையொன்றில் கண்டனர். ஆனால் உரம் எடுப்பதென்று துணியிலிட்டுப் பச்சைக் குழந்தையை உருட்டுவதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவதும் கைவிடத் தக்கவை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கிச் சளிக் காய்ச்சலாக முற்றும்.

முறையான தொக்கணம் வேண்டுவோர், பட்டம் பெற்ற சித்த வைத்தியரை நாடலாம். பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு அதிகத் தொலைவில் இல்லை. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்தப் பிரிவு உண்டு. ஊரில் கைராசியுள்ள பெரியவர் இருந்தால் அவரிடமும் போகலாம். எதற்குக் கை வைக்க மாட்டேன் என்று அவர் சொல்கிறாரோ, அதைக் கொண்டே அவர் தரத்தை அறியலாம். எல்லா நோயும் தீரும் என்பவரைவிட, 'இது என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போ' என்பவர் நம்பத்தக்கவர்.

நெசவாளர்க்கு மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. தைலம் தேய்த்த கையோடும் முதுகோடும் தறியில் ஏறாதீர்கள். வெள்ளைப் பாவில் பட்ட எண்ணெய்க் கறை துணி சங்கத்துக்கு வந்து வெளிச்சத்தில் விரித்த பின்னரே கண்ணுக்குத் தெரியும். கழிவுப் பட்டியலில் அத்துணி சேர்வதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். தறிக்கு ஓய்வான அமாவாசை நாளிலோ, மாலையில் நாடாவை வைத்துவிட்டு எழுந்த பிறகோ தேய்த்துக்கொண்டு, சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு மறுநாள் காலையில் உட்காருங்கள்.