தாய்க்கு விற்றமின், சேய்க்குத் தடுப்பூசி

மகப்பேற்றின் பின் தாய்மாருக்கு 2 இலட்சம் சர்வதேச அலகு விற்றமின் 'ஏ' வழங்குவது வளர்முக நாடுகள் பலவற்றில் நீண்டகாலம் நடைமுறையில் இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. பிறக்கும் சிசுவின் ஈரலில் இதன் சேமிப்பு மிகக் குறைவு. தாய்ப்பாலே அதனை நிரப்ப வேண்டும். நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் இது அவசியம். எனவே பால் வழியே சேயை அடைந்து தடுப்பூசியின் பலனையும் கூட்டும் என எதிர்பார்க்கப்பட்டது.

எதிர்பார்ப்பு முற்றாக நிறைவேறவில்லை. கானா நாட்டின் கிராமப்புறங்களில் நடத்தப்பட்டு 2005, 2007ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில், போலியோ, ஏற்புவலித் தடுப்பூசிகளின் பலன் இதனால் கூடவில்லை. ஈரலழற்சி 'பி' தடுப்பூசிக்கு மாத்திரம், அதுவும் சிசுவுக்கே விற்றமின் வழங்கியபோது, முன்னேற்றம் தென்பட்டது. 2011இல் உலக சுகாதார ஸ்தாபனம், பிரசவித்த தாய்மாருக்கு இதனைப் பொதுச் சுகாதார நடவடிக்கையாக வழங்குவதைப் பரிந்துரைப்பதில்லை என அறிவித்தது. ஆக, தாய் விழுங்கும் வில்லை சேயின் தடுப்பூசிக்கு ஈடாகாது. பிறந்தவுடன் ஏற்றப்படும் பீ.சீ.ஜீ.யும் இரண்டாம் மாதத்து ஐங்கூட்டுத் தடுப்பூசியும் தவணை தவறலாகாது.

இதனால் விற்றமினே வேண்டாம் என எவரும் கருதிவிடக் கூடாது. மாறியது வில்லை பற்றிய முடிவேயன்றித் தாயின் உணவுத் தேவையன்று. பத்தியம் என்ற பெயரில் கீரையையும் பப்பாசியையும் தாய்க்கு மறுப்பதும், மஞ்சளாக இருக்கிறதென்று கடும்புப்பாலைப் பிழிந்து கொட்டுவதும் நம்மிடையே முற்றாக ஒழிந்துவிடவில்லை. உடலில் விற்றமின் 'ஏ' ஆக மாறும் கரோட்டினே அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணம்.