கழுத்து முள்ளெலும்பு அறுவைக்குப் பின் குருதியுறைவு

கழுத்து முள்ளெலும்புகளில் செய்யப்படும் அறுவைக்குப் பின், கால் அல்லது இடுப்பின் ஆழமான சிரைகளில் குருதி உறைந்து கட்டியாவது அரிதான, ஆனால் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடிய சிக்கல்களுள் ஒன்றாகும். இது ஆழ்சிரைக் குருதியுறைவு எனப்படுகிறது. இக்கட்டியின் துண்டு பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலை அடைந்து அங்குள்ள தமனியை அடைத்துக்கொள்வது நுரையீரல் தமனி அடைப்பு ஆகும். கழுத்தில் அறுவை நடக்க, காலில் கட்டி தோன்றுவது முதலில் வியப்பளிக்கலாம்.

காரணங்கள்

நுரையீரலில் காணப்படும் கட்டி வேறோர் இடத்துச் சிரையிலிருந்து வந்தது என்பதைச் செருமானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ (1821–1902) 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்கினார். குருதியோட்டம் மந்தமாதல், குழாயின் உட்சுவர் காயமுறுதல், குருதியின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் அவர் பெயராலேயே விர்ச்சோவின் மும்மை என அழைக்கப்படுகின்றன.

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சிரைக் குருதியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. மயக்க மருந்தின் கீழ்ப் பல மணிநேரம் அசைவின்றிக் கிடக்கும்போது இந்த எக்கி நின்றுவிடுகிறது. அதே வேளையில், காயத்தின் குருதிப்போக்கை நிறுத்த உடல் முழுவதும் உறைதல் தூண்டப்படுகிறது. ஆகவே கால் தொடப்படாவிட்டாலும் மும்மையில் இரண்டு கூறுகள் அங்கே அமைந்துவிடுகின்றன.

யாருக்கு வாய்ப்பு அதிகம்

முன்கழுத்து வழியாக ஓர் இடைத்தட்டை அகற்றி எலும்புகளை இணைக்கும் அறுவையில் நோயாளி பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுந்து நடந்துவிடுவதால் இடர் குறைவு. பின்கழுத்து வழியாகப் பல எலும்புகளில் நீண்ட நேரம் செய்யப்படும் அறுவையில் இது கூடுகிறது. முதுமை, உடற்பருமன், புற்றுநோய், முன்னர் ஏற்பட்ட உறைவு, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் ஆகியனவும் இடரைக் கூட்டும்.

விபத்தில் தண்டுவடம் காயமுற்றுக் கைகால் செயலிழந்தவர்களின் நிலை முற்றிலும் வேறு. அவர்களுக்கு இடர் பன்மடங்கு மிகுதி. காலில் உணர்ச்சியும் இல்லாததால் எச்சரிக்கும் வலியை அவர்கள் உணர்வதில்லை. மூச்சுத்திணறலே முதல் அறிகுறியாகிவிடலாம்.

தடுப்பு

உறைவெதிர் மருந்தான ஹெப்பாரின் 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. குறைந்த அளவு ஹெப்பாரின், பெரிய அறுவைக்குப் பின் நுரையீரல் அடைப்பால் நேரும் இறப்பைக் குறைக்கிறது என்பதை, 4000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு விஜய் கக்கர் தலைமையில் நடந்த பன்னாட்டு ஆய்வு 1975இல் காட்டியது. எனினும் இம்முடிவைக் கழுத்தறுவைக்கு அப்படியே பொருத்த இயலாது. இம்மருந்தால் முதுகெலும்புக் கால்வாய்க்குள் குருதி கசிந்து திரண்டால் தண்டுவடம் நசுங்கிக் கைகால்கள் செயலிழக்கலாம். முன்கழுத்தில் திரண்டால் மூச்சுக்குழல் அழுந்தும். ஒரு கட்டியைத் தடுக்கப்போய் இன்னொன்றை வரவழைக்கும் இக்கட்டு இதுவே.

எனவே குருதிப்போக்கைக் கூட்டாத வழிகளே முதலில் நாடப்படுகின்றன. அறுவை மேசையிலேயே காற்றால் விட்டுவிட்டு இறுக்கும் உறைகள் கால்களில் அணிவிக்கப்படுகின்றன. இயன்றவரை விரைவில் நடக்கவைப்பதும் முதன்மையானது. மருந்து தேவையா, எப்போது தொடங்குவது என்பதை அறுவை மருத்துவர் நோயாளிக்கு ஏற்ப முடிவு செய்கிறார்.

அறிகுறிகளும் மருத்துவமும்

ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, வெப்பம், சிவத்தல் ஆகியன கவனிக்கத்தக்கவை. திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கையில் நெஞ்சுவலி, இருமலில் குருதி, மயக்கம் ஆகியன நுரையீரல் அடைப்பைக் குறிக்கலாம். உடனடி மருத்துவம் தேவை. வீடு திரும்பிய சில வாரங்களுக்குப் பின்னும் இவை தோன்றக்கூடும்.

கால் சிரைகளை டாப்ளர் மீயொலி மூலமும், நுரையீரலைச் சி.டி. படம் மூலமும் ஆய்வர். டி-டைமர் என்னும் குருதிச் சோதனை அறுவைக்குப் பின் எப்படியும் உயர்ந்தே இருக்குமாதலால் இங்கு அதன் பயன் குறைவு.

உறைவு உறுதியானால் வழக்கமாக உறைவெதிர் மருந்து குறைந்தது மூன்று மாதங்கள் தரப்படுகிறது. அறுவை முடிந்த சில நாட்களே ஆகி, மருந்து கொடுக்க இயலாத நிலையில், கீழ்ப்பெருஞ்சிரையில் வடிகட்டி பொருத்தி, கட்டி நுரையீரலை அடையாமல் தடுப்பதுண்டு. மருந்து தொடங்கி இடர் நீங்கியபின் இவ்வடிகட்டி அகற்றப்படும்.